நாற்பது என்று சொல்லாதவன்

காளவாசலில் மழை பெய்தால் காதல் வராது. சாக்கடைதான் வரும். ஆனாலும் ஹம்சவேணி அன்றைக்கு நனைந்துகொண்டே வந்தாள்... கூந்தலில் நீர் முத்துகள், கண்களில் மின்னல், கையில் பாலிதீன் பை சுற்றிய ஒரு ஹார்டு டிஸ்க். பூங்கொத்தோடு வரும் நாயகியை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

“இங்க ஜெரால்டுங்கிறது யாரு?”

ஜெரால்ட் நிமிர்ந்தான். மிஷன் பள்ளி வாத்தியார் மகன். கம்ப்யூட்டர் கடை போட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கோபத்துக்கு இம்புட்டு அழகான கண்கள் எதற்கு...?

“நாந்தாங்க.”

“நாப்பது ஜிபின்னு குடுத்தீங்க. மாட்டிப் பாத்தா முப்பத்தேழு புள்ளி ரெண்டு காட்டுது. மிச்சத்த யாரு தின்னா?”

ஹம்சவேணி கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்பவள். ஊரில் எவர் தாலி கட்டினாலும் மேலே ரோஜாப்பூவைப் பறக்கவிடுவதும், மாப்பிள்ளை முகத்தை இதயத்துக்குள் அடைப்பதும் அவள் வேலை. குறைந்துபோன அந்த இடத்தில் ஒரு முகூர்த்தமே அடங்கியிருக்கும் என்ற ஆத்திரம் அவளுக்கு.

“இத மகளுக்குன்னு வாங்கிட்டுப் போனது ராமமூர்த்தி சார்தான? முப்பத்தேழுதான் காட்டும்னு அன்னைக்கே சொன்னேங்க. ‘எனக்கே பாடமா’ன்னுட்டு கெளம்பிட்டாரு.”

“அப்ப எங்கப்பா பொய் சொல்றாருங்கிறீங்க?”

“அய்யோ, யாருமே பொய் சொல்லலைங்க. அட்டையில போடுற கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா எண்ணுறான். கம்ப்யூட்டர் ஆயிரத்து இருவத்துநாலு சேந்தாத்தான் ஒண்ணுன்னு எண்ணும். பைட்டுல இருந்து கேபி, கேபியில இருந்து எம்பி, அங்க இருந்து ஜிபி... படிக்குப் படி நம்பர் கொறையும். உள்ள இருக்கிற எடம் ஒரு துளி கொறையல. எண்ணுற விதந்தான் வேற.”

“பேச்சு நல்லா வருது. திருட்டுக்கு வாய் முக்கியந்தான?”

அவன் முகம் சுருங்கியது. ஆனாலும் சுவரில் மாட்டியிருந்த குடையை எடுத்து நீட்டினான்.

“மழை விடலைங்க...”

“திருடன் குடை எனக்கு வேணாம்!”

விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். ஆனால் சிக்னல் தாண்டும்வரை முதுகில் அந்தப் பார்வை... சே, என்ன பார்வை அது? அடிபட்டும் குடை நீட்டுகிற பார்வை.

வீட்டுக்கு வந்தவள் நடந்ததை அப்பாவிடம் கொட்டினாள். அங்கேதான் வினை.

ராமமூர்த்திக்குக் காளவாசலில் ஜவுளிக்கடை. அது உபதொழில். வணிகர் நலச் சங்கத் தலைவர் என்பதே அவர் மூச்சு. மைக் இல்லாத இடத்தில் அவருக்குச் சரியாகத் தூக்கம் வராது. தன்னை ஒரு பொடியன் எச்சரித்தான் என்பது வெளியே தெரிந்தால் என்ன ஆவது? உடனே நோட்டீஸ் அடித்துவிட்டார். ‘ஆயிரக்கணக்கான வணிகர்கள் அலைகடலெனத் திரளும் மாபெரும் கண்டனக் கூட்டம்!’ ஜெரால்ட் மேடையேறி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் கடையைக் காலி செய்ய வேண்டும். கட்டட உரிமையாளர் விருமாண்டி சங்கத்தின் பொருளாளர் ஆயிற்றே!

மறுநாள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, அதன் விவரத்தைத் திறந்தாள் ஹம்சவேணி. ஒரே வரியில் இரண்டு எண்கள். இடப்பக்கம் பைட் கணக்கு, நாற்பதில் தொடங்கும் நீளமான எண். வலப்பக்கம் முப்பத்தேழு புள்ளி இரண்டு. கால்குலேட்டரில் நீளமான எண்ணை ஆயிரத்து இருபத்துநான்கால் வகுத்தாள். மறுபடி வகுத்தாள். மறுபடியும்... முப்பத்தேழு புள்ளி இரண்டு வந்து நின்று அவளைப் பார்த்துச் சிரித்தது.

ஐயோ... அந்த மனுஷனையா திருடன் என்றேன்?

அப்பாவிடம் ஓடினாள். வீட்டுக்குள் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஆரம்பித்தவர், கௌரவம் என்று வந்ததும் மேடைத் தமிழுக்கு மாறினார். “கணக்குச் சரியாக இருக்கலாம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டதம்மா!”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அலைகடல் வந்து நாற்காலிகளில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தது. வெளியே மழை. ராமமூர்த்தி முழங்கி முடித்து மைக்கை ஜெரால்டிடம் தள்ளினார்.

“ஏமாத்திட்டேன்னு சொல்லு தம்பி. முடிஞ்சுது.”

ஜெரால்ட் மைக்கை வாங்கினான். அவனுக்கிருப்பது அந்த ஒரு கடை.

“சொல்ல மாட்டேன் சார்.”

“கடை போயிரும்!”

“போகட்டும். மத்தவங்க மாதிரி நாப்பதுன்னு சொல்லி வித்திருந்தா இந்த வம்பே இல்ல. சொல்ல வாய் வரல. இப்ப இதச் சொல்லவும் வராது.”

கூட்டத்தில் இருந்த ஹம்சவேணி அவனையே பார்த்தாள். இந்த ஊரில் எல்லாரும் தங்களை அட்டையில் அச்சடித்த அளவுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். இவன் ஒருவன்தான்... அவள் எழுந்துவிட்டாள்.

“அப்பா, நோட்டீசுல ஆயிரக்கணக்கானவங்கன்னு போட்டிருக்கீங்க. எண்ணிப் பாக்கவா? இங்க நாப்பது பேரு தேறாது. நீங்க முதல்ல மன்னிப்புக் கேக்குறீங்களா?”

முதலில் சிரித்தது விருமாண்டி. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஏய், உக்காரு!”

“உக்கார மாட்டேன்ப்பா. நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். அவரு சொன்னது சரி. திருடன்னு அபாண்டம் சொன்னது நான்.” ஜெரால்டைப் பார்த்தாள். “மன்னிச்சிருங்க.”

“அண்ணே, பிள்ள சொல்லிருச்சு. கடைய நான் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்” என்று விருமாண்டி எழுந்தார். கூடவே அலைகடலும் பஜ்ஜி இருந்த பக்கம் ஒதுங்கியது.

வாசலில் மழை. பின்னால் ஜெரால்ட்... கையில் அதே குடை.

“இப்ப வாங்கிக்கலாங்களா?”

“குடையையா... குடைக்காரரையா?”

அவன் திணறினான். “நான் சின்னக் கடைக்காரங்க. மாதா கோயிலுக்குப் போறவன். உங்க வீட்டுல வேற சாமி, வேற பாஷை...”

“உங்க வீட்டுல ஒரு விதமா எண்ணுறாங்க, எங்க வீட்டுல ஒரு விதமா எண்ணுறாங்க. எடம் கொறையலைன்னு சொன்னது யாரு? இப்ப பயமா இருக்கா?”

“இருந்துச்சு. மேடையிலயே போயிருச்சு. உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னைக்குத் திட்டும்போதே பிடிச்சிருச்சு.”

“எனக்கு நீங்க ‘சொல்ல மாட்டேன்’னப்பப் பிடிச்சுது.”

“ஹம்சா! வண்டியில ஏறு!” அப்பாவின் குரல். மைக் இல்லாததால் கொஞ்சம் சிறுத்திருந்தது.

“நீங்க போங்கப்பா. நான் இவரு கூடக் குடையில வாரேன். வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.”

ஸ்கூட்டர் உறுமியது... நின்றது... கடைசியில் தனியாகவே போனது. ஒரு குடைக்குள் இரண்டு பேர். ஆளுக்கொரு தோள் நனைந்தது.

“நம்ம கல்யாண வீடியோவ நானே மிக்ஸ் பண்ணுவேன். பறக்குற ரோஜா கெடையாது. சொல்லிட்டேன்.”

“எம்புட்டு எடம் பிடிக்கும்?”

“முப்பத்தேழு புள்ளி ரெண்டுக்குள்ள அடங்கும்” என்றாள் ஹம்சவேணி. “உங்களுக்கும் எனக்கும் அது தாராளம்.”