படகில் ஏறிய வீடு

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கோட்டை கட்டி ஆண்ட காலம் அது. ஏரிக்கரைக் குப்பத்தில் எல்லாரும் வீட்டைப் பிரித்துப் படகில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போய்விட்டார்கள். இறால் எங்கேயோ அங்கேதான் அவர்கள் வீடும். பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே. கடைசியாகக் கிளம்பத் தயாராக நின்றவர்கள் வேலம்மாவும் அவள் அப்பா நாகப்பனும்தான்.

அப்போது கோட்டையிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஊர்களைப் படமாக வரையும் உலாந்தாக்காரர். இன்னொருவர் அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் வரதன்.

வேலம்மா படத்தை எட்டிப் பார்த்தாள். கோட்டைக்குப் பக்கத்தில் ஓட்டு வீடுகள். பக்கத்து ஊரான திருப்பாலைவனத்தில் மண்சுவரும் வைக்கோல் கூரையும். நெல் விளையும் ஊரல்லவா! ஏரிக்கரையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

“எங்க வூடு எங்க?” என்று கேட்டாள்.

“எந்த ஊர்ல எந்த மாதிரி வீடு ஜாஸ்தினு வரையறாரு பாப்பா. இங்க வெறும் நண்டு வளைதானே இருக்கு! காலி மணல்னு வரைஞ்சா கோட்டைக்காரங்க கிடங்கு கட்டிக்குவாங்க” என்றார் வரதன்.

வேலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி வந்தால் எங்கே இறங்குவது?

“இவ்ளோ பெரிய நண்டா? அது எங்க வூட்டுக் கம்பு நட்ட குழி!”

“அப்ப வீடு எங்க?”

“படகுல.”

வரதன் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயத்தைக் கேட்டு உலாந்தாக்காரரும் சிரித்தார். பாவம், சிரிக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. வெயிலில் முகம் வெந்த இறால் போலச் சிவந்திருந்தது.

வேலம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

“நைனா, அவரு மயங்கி வுழுந்துடுவாரு போலருக்கு. வூட்ட எறக்கலாமா?”

“இப்பதானே ஏத்துனோம்! இன்னா பொண்ணு நீ!” என்று முணுமுணுத்தபடியே நாகப்பன் மூங்கிலைத் தூக்கினார்.

கம்புகள் பழைய குழிகளில் கச்சிதமாக இறங்கின. மேலே பனையோலைக் கூரை ஏறியது. அவ்வளவுதான், வீடு தயார்! செங்கல் இல்லை, ஆணி இல்லை. என்ன கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

உலாந்தாக்காரர் உள்ளே உட்கார்ந்து, வேலம்மா கொடுத்த நீராகாரத்தைக் குடித்தார். குளுகுளுவென்று காற்று வந்தது. கூரையைத் தடவிப் பார்த்தார். பிறகு வெளியே பார்த்தார். மணல் முழுக்க அதே மாதிரிக் குழிகள், வரிசை வரிசையாக.

அவர் தன் பாஷையில் ஏதோ கத்தினார்.

“அம்மாடி, இவ்வளவு வீடானு கேக்குறாரு” என்றார் வரதன். இப்போது அவர் சிரிக்கவில்லை.

குழி இருந்த இடமெல்லாம் படத்தில் பனையோலை வீடுகள் முளைத்தன. ஓட்டு வீடுகளைவிட அவைதான் அதிகம். பக்கத்தில் கூரை ஏற்றிய படகு ஒன்றையும் அவர் ஆசையாக வரைந்தார்.

“கிடங்குக்கு இங்க இடமில்லனு கோட்டையில சொல்லிடுவாராம்” என்றார் வரதன்.

வேலம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் உலாந்தாக்காரரோ காலை நீட்டிச் சுகமாகச் சாய்ந்துகொண்டார். எழுந்திருக்கும் உத்தேசமே இல்லை. நாகப்பன் படகைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

வேலம்மா மெல்ல உலாந்தாக்காரரின் தோளைத் தட்டினாள்.

“எந்திரிங்க ஐயா, எங்க வூடு கெளம்புது!”