அடிக்கு முன்னால் ஒரு மூச்சு

1999. ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ராஜபாளையத்தில் காசிராஜன் அண்ணாச்சியின் கேசட் பதிவுக்கூடத்துக்குப் போயிருந்தேன். பழைய பஞ்சு குடோன் அது. சத்தம் புகாமலிருக்கச் சுவரெங்கும் மில் கழிவுப்பஞ்சைத் திணித்திருந்தார். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. வெளியே போட்டால்தான் லாரி இரைச்சல் அடங்கும்.

"தேர் பாத்துட்டு செத்த நேரத்துல வாரேன் சமுத்திரம். அந்தத் தவில் கேசட்ட முடிச்சிருலே."

"வாசிச்சது யாரு அண்ணாச்சி?"

"சங்கரலிங்கம். போய்ச் சேந்துட்டான், பாவம்." முகத்தைத் திருப்பிக்கொண்டு தாழ்ப்பாளைப் போட்டார்.

பாட்டைச் சுருக்கி கம்ப்யூட்டரில் அடக்க நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது ஒலியைத் துண்டுதுண்டாக வெட்டிச் சுருக்கும். பெரிய துண்டின் நடுவே திடீரென்று தவிலடி விழுந்தால், அதன் பிசிறு துண்டு முழுக்கப் பரவி, அடிக்கு முன்னாலேயே 'ஸ்ஸ்' என்று கேட்டுத் தொலைக்கும். பிள்ளை பெறும் முன்னே பேர் வைத்த கதை! அடி வரும் இடத்தை மோப்பம் பிடித்து, அங்கே மட்டும் பொடித்துண்டாக வெட்ட வேண்டும். அதைத்தான் அன்று சரிசெய்தேன்.

எல்லா அடியும் சுத்தமாகிவிட்டது. கடைசி அடி மட்டும் மசியவில்லை. இன்னும் பொடியாக வெட்டினேன். 'ஸ்ஸ்' குறையவில்லை, தெளிவானது. யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். மறுபடியும் வெட்டி ஓடவிட்டேன்.

"தொறங்க அண்ணாச்சி..."

கரண்டு போனது.

கும்மிருட்டு. புழுங்கிய பஞ்சு வாடை. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். பஞ்சு அத்தனையையும் விழுங்கிவிட்டது. இங்கேயே செத்துப்போவேன் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தொறங்க அண்ணாச்சி..."

பொத்திய காதுக்குள் கேட்டது.

மூச்சு முன்னால் வந்துவிட்டது. அப்படியானால் அடுத்து அடி விழும். எனக்கல்லவா தெரியும்!

கதவில் இடி விழுந்தது. உள்ளேயிருந்து.

கதவு திறந்தது. நெற்றிக் குங்குமம் வியர்வையில் வழிய அண்ணாச்சி நின்றார். "ஏம்லே இந்த இடி இடிக்கே? ரோடு வரைக்கும் கேக்கு!"

வெளியே பாய்ந்தேன். "நான் தட்டல அண்ணாச்சி."

அவர் முகம் வெளிறிப்போனது. "போன தேருக்கு அவனயும் இப்படித்தான் வச்சுப் பூட்டிட்டுப் போனேன். மறந்துட்டேம்ல... டேப்பு அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. அவன் தட்டுனது ஒருத்தருக்கும் கேக்கல."

கேசட்டை எரித்துவிடலாம் என்று உள்ளே போனார்.

"தொறலே, சமுத்திரம்..."

என் காதருகே அண்ணாச்சியின் குரல்.

எட்டிப் பார்த்தேன். அவர் மேசைப் பக்கம் குனிந்து கேசட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வாய் அசையவில்லை.

அதற்குப் பிறகுதான் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. வெளித்தாழ்ப்பாள் தானே விழுந்தது.