இஞ்சின் சத்தத்துல கேக்கலம்மா

பின்னால் ஆள் இருந்தால் அந்தச் சத்தம் வராது. நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, காலி ஆம்புலன்ஸைத் திருப்பி மூன்றாவது கியருக்கு வந்ததும்தான் ஆரம்பிக்கும். டக், டக், டக்.

பழைய டீசல் வண்டி. டிரைவரின் மனைவிக்குத் தம்பிதான் மெக்கானிக். மவுண்டிங் ரப்பரை மாற்றினான். சைலன்சர் கிளாம்பை இறுக்கினான். நீள ஸ்க்ரூடிரைவரை இஞ்சினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டான்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு மாமா. உங்க காதுலதான் கோளாறு."

சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. காதில் கோளாறு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்.

போன மாசம் ஒரு வயதானவரை ஏற்றிப் போனார். உதவியாளர் அன்று லீவு. கூட வந்த மனைவி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலுள்ள பால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார். மெதுவாப் போப்பா, சீக்கிரம் போப்பா என்று நாலு தடவை. ஐந்தாவது தட்டலுக்கு இவர் ரேடியோவைக் கூட்டிவைத்தார். கொஞ்ச நேரம் தட்டல் கேட்டது. அப்புறம் நின்றது. ஆஸ்பத்திரியில் பின்கதவைத் திறந்தபோது ஆக்சிஜன் குழாய் கழன்று தரையில் கிடந்தது. அதை மாட்டத் தெரியாமல், அந்த அம்மா கணவரின் சில்லிட்டுப்போன கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"தட்டினேனே தம்பி, கேக்கலையா?"

"இஞ்சின் சத்தத்துல கேக்கலம்மா."

அந்த அம்மா நம்பினார். அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. "நீ என்னப்பா பண்ணுவே" என்று இவர் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். வீட்டிலும் இவர் அதே பொய்யைச் சொன்னார். மறுநாள் காலியாகத் திரும்பும்போது சத்தம் வந்தது.

"நானே பின்னாடி உக்காந்து வரேன் மாமா," என்றான் மச்சினன். "எங்கேருந்து வருதுன்னு புடிச்சதும் கண்ணாடியத் தட்டறேன், நிறுத்துங்க."

தட்டாதே என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் என்று கேட்டால்? தலையாட்டினார்.

பின்கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்தார். நல்ல வெயில்; சூடேறிய ரெக்சின் சீட்டின் வாடையும் டீசல் புகையும் பின்னாலிருந்து கசிகிற மருந்து நெடியும் கலந்து தொண்டையில் ஒட்ட, இரண்டு பக்கமும் மதில் ஓடுகிற ஆளில்லாத சாலையில் வண்டி உறுமிக்கொண்டு போனது. மூன்றாவது கியர். சத்தமில்லை. மதில் முடிகிற இடத்தில், முதுகுக்குப் பின்னால், டக், டக், டக்.

பிடித்துவிட்டான்! ஓரங்கட்டி நிறுத்தினார். போன் அடித்தது.

"மாமா, எங்க போறீங்க? டார்ச் எடுக்கப் பட்டறைக்குள்ள போனேன், அதுக்குள்ள கிளப்பிட்டீங்க!"

"நீதானே கதவைச் சாத்தின?"

"நான் ஏறவே இல்ல மாமா."

இஞ்சினை அணைத்தார். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது.

டக். டக். டக்.

கோபமாக இல்லை. அவசரமாக இல்லை. பொறுமையாக.

அவர் திரும்பினார்.

"கேக்குதும்மா," என்றார். "அன்னிக்கும் கேட்டுது."

தட்டல் நின்றது. பால் கண்ணாடியில் ஓர் உள்ளங்கை வந்து பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. கீழே இரண்டு. எத்தனை வருஷம், தட்டித் தட்டி ஓய்ந்தவர்கள் எத்தனை பேர். கை மேல் கை. வெள்ளை மறைந்தது. உள்ளே இருட்டியது.

கண்ணாடியின் கீழ் மூலையில், குழந்தையின் கை ஒன்று பதிய இடம் தேடித் தடவிக்கொண்டிருந்தது.