ஏழாவது வேட்டு

1951 ஜூன் மாதம் சங்கரன்கோவில் பள்ளிக்கூடத்துக்கு சயன்ஸ் வாத்தியாராக மாற்றலாகி வந்தேன். ஊர் முடிகிற இடத்தில் வீரபாண்டி அண்ணாச்சி வீட்டு மாடி வாடகைக்குக் கிடைத்தது. பழைய, பெரிய வீடு. மேற்குச் சுவர் மட்டும் அறுபதடி நீளம். அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. மனைவியை இழந்த அண்ணாச்சி கீழே தனியாக இருந்தார். நானும் தனிக்கட்டை. காற்று நன்றாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மொட்டை மாடியில் நின்றால் மேற்கே கரிசல் காடு தெரியும். நடுவே, வெட்டிப் பாதியில் விட்ட ஒரு கிணறு. அதைச் சுற்றி உயரமாகக் கல் குவியல்.

திங்கட்கிழமை மதியம் சாப்பிட வந்தவன், வேட்டி காயப்போட மாடிக்கு ஏறினேன். கிணற்று மேட்டில் ஒருவன் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தான். கை இறங்குவது முதலில் தெரிந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? பையிலிருந்த ஸ்டாப் வாட்சை எடுத்தேன். இரண்டு விநாடி. வெளிச்சம் கண் இமைப்பதற்குள் வந்துவிடும்; சத்தம் விநாடிக்கு ஆயிரத்து நூறு அடிதான் போகும். ஆக, கிணறு இரண்டாயிரத்து இருநூறு அடி தூரம். நாலு விநாடிக்கு ஒன்றாக ஏழு தடவை இடித்துவிட்டு அவன் கிணற்றுக்குள் இறங்கினான். பையன்களுக்குச் சொல்ல நல்ல உதாரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றரை விநாடி.

புதன்கிழமை ஒரே விநாடி.

அவன் நின்ற இடம் ஓரடிகூட மாறவில்லை. கண்ணுக்கு அங்கேயே நிற்கிறான். காதுக்குப் பாதி தூரம் வந்துவிட்டான். வாட்ச் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே கீழே போய் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"அங்கன யாரும் வேலை பாக்கலியே சார்வாள். கிணத்து வேலை நின்னு மூணு வருசமாச்சு."

பிறகு மெதுவாகச் சொன்னார். பாறைக்கு வேட்டு வைக்க வந்தவன் பொன்னுச்சாமி. ஏழு குழி போட்டு, ஏழு திரியையும் பற்றவைத்துவிட்டு மேலே ஏறி வருவான். நிலத்துக்காரரான அண்ணாச்சி கரையில் நின்று சத்தத்தை எண்ண வேண்டும். ஏழும் கேட்டபிறகே ஆள் இறங்கலாம். அதுதான் வழக்கம்.

"நான் ஏழு எண்ணினேன் சார்வாள். சத்தியமா ஏழு. இறங்குலேன்னு நான்தான் சொன்னேன். போய்க் கடப்பாரைய ஒரு போடு போட்டான், வெடிச்சிட்டு. ஏழும் முடிஞ்ச பெறவு அது எங்கன இருந்து வந்துச்சு?"

எனக்கு விடை தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஒவ்வொரு வேட்டுக்கும் எவ்வளவு நேரம் இருந்துச்சு அண்ணாச்சி?"

"நாலு எண்ணுத நேரம்."

"சத்தம் இந்தச் சுவர்ல பட்டுத் திரும்பி கிணத்துக்கு வரவும் நாலு விநாடிதான். முதல் அஞ்சோட எதிரொலி அடுத்தடுத்த வேட்டுச் சத்தத்துல மறைஞ்சிருக்கும். ஆறாவதோட எதிரொலி தனியா கேட்டிருக்கு. ஏழாவது வேட்டு அப்ப வெடிக்கவே இல்ல. நீங்க ஏழாவதா எண்ணினது உங்க வீட்டுச் சுவரை."

அண்ணாச்சி எழுந்துபோய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப நான்தான் கொன்னுருக்கேன்."

அதன்பின் அவர் ஒரு வாய் சோறு உண்ணவில்லை.

வியாழக்கிழமை அரை விநாடி. அண்ணாச்சி படிக்கட்டில் காத்திருந்தார்.

"எம்புட்டு தூரத்துல வாரான்?"

"ஐநூத்தம்பது அடி." வேறென்ன சொல்ல? என்னால் அளக்க முடிந்தது. நிறுத்த முடியவில்லை. "புளியங்குடியில மக வீட்டுக்குப் போயிருங்க அண்ணாச்சி. நாளைக்கு இங்கன இருக்காதீங்க."

"எங்க போனாலும் ஒரு சுவரு இருக்குமே சார்வாள்."

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எண்ணுங்க சார்வாள். என் எண்ணிக்கைய இனி நான் நம்ப மாட்டேன்."

வெயிலில் காக்கைகூடப் பறக்கவில்லை. வெடிமருந்து வாசம் வந்தது. கிணற்று மேட்டில் கடப்பாரை உயர்ந்தது.

இறங்கியது.

அதே நொடியில் எங்கள் காலுக்குக் கீழே, மேற்குச் சுவர் அதிர்ந்தது.

"ஒண்ணு."

சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு. மூன்று. நாலு. ஐந்து. ஆறாவது அடிக்கு அவர் தேம்பி அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. கிணற்றை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

சத்தம் கேட்டது.

"ஏழு! முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. கீழ போய்ப் படுங்க."

"முடிஞ்சிட்டா?" என்று குழந்தையைப் போலக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினார். எனக்கும் நெஞ்சு லேசானது. மேற்கே திரும்பிப் பார்த்தேன்.

கடப்பாரை இன்னும் உயர்ந்தே இருந்தது.

கடைசியாகக் கேட்ட சத்தம் சன்னமாக இருந்தது. சுவரிலிருந்து வரவில்லை. ஆறாவது அடியின் சத்தம் கிணற்றடிக் கல் குவியலில் பட்டுத் திரும்பியிருந்தது. போக இரண்டு விநாடி, வர இரண்டு விநாடி.

"அண்ணாச்சி, இறங்காதீங்க!"

விநாடிக்கு ஆயிரத்து நூறு அடி போகிற சத்தம், இருபது அடியில் இருந்தவருக்கு எட்டவில்லை.

கடப்பாரை இறங்கியது.

கீழ்ப்படியில் கிடந்தார் அண்ணாச்சி. உடம்பில் ஒரு கீறலில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். தலையிலும் தோளிலும் படிந்திருந்த கருங்கல் தூளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இறங்கச் சொன்னவன் நான்.

அந்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். இப்போது இருப்பது வேறு ஊர். இங்கே சுற்றுவட்டாரத்தில் கிணறே இல்லை. ஆனாலும் இந்த வாரம் முழுக்க மதியம் பன்னிரண்டுக்கு மாடி அறையில் சுவர் அதிர்கிறது. தினமும் ஆறு. ஆறு கேட்டால் அன்று நான் இறங்குவதில்லை.

இன்று ஏழு கேட்டது.

படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இருட்டப் போகிறது. இறங்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.