பூனை அக்காவின் மூடிய கை

பூனை அக்கா எதையோ ஒளிக்கிறாள். துருவிக்கு அதில் துளியும் ஐயமில்லை.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் அது. பள்ளி விட்டதும் அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் அவளும் வீட்டுப்பாடமும். அந்தப் பக்கம் அம்மாவும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அக்காவும். அக்கா நடந்தால் சத்தமே வராது. அதனால் பூனை அக்கா.

அம்மா வளர்ப்பது இயற்கைக் கொல்லி செல்களை. நம் ரத்தத்தில் சுற்றும் காவலர்கள் அவை. எதிர்ப்படும் செல்லையெல்லாம் சோதிக்கும். சரியான அடையாளம் இருந்தால் விட்டுவிடும், இல்லாவிட்டால் தீர்த்துக்கட்டும். ஆனால் அம்மாவின் தட்டில் இருந்தவை, புற்றுநோய் செல்களுக்குப் பக்கத்திலேயே அடித்து வைத்த ஆணி போல் சும்மா கிடந்தன.

“இந்தத் தடவையும் தூங்கினா ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்லிடுவாங்க,” என்றாள் அம்மா.

ஏன் தூங்குகின்றன என்று துருவி கேட்டாள். தட்டில் ஊற்றும் வளர்ப்பு மருந்து செல்லைத் தொட்டதும் உள்ளே ஒரு நொதி விழித்துக்கொள்ளுமாம். அது அடுத்ததைத் தட்டி எழுப்புமாம். இப்படியே ‘வளர், சண்டை போடு’ என்ற செய்தி உள்ளே போய்ச் சேருமாம். இங்கே முதல் நொதியே விழிக்கவில்லை போலிருக்கிறது.

“மருந்தை யாராவது திருடறாங்களாம்மா?”

“திருடி என்னடி பண்றது, தலைக்குத் தேய்ச்சுக்கவா?”

அம்மா சிரித்தாள். துருவி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கண்ணாடி வழியே வேவு பார்த்தாள். அக்கா உறைபெட்டியைத் திறப்பாள். எதையோ எடுத்துக் கையை மூடிக்கொள்வாள். சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பாள். பிறகு, எடுத்ததை மறுபடி பெட்டிக்குள் வைப்பாள். மறுநாளும் அதே கதை.

அம்மாவிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் அக்காவின் வேலை போய்விடும். கொல்லி செல்கூட அடையாளம் பார்த்த பிறகுதானே அடிக்கிறது? அக்கா வெளியே வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள்.

“அக்கா, தினமும் கையில என்ன ஒளிச்சு வெக்கறீங்க?”

அக்கா திகைத்துப் போனாள். “ஒளிக்கலையே குட்டி. மருந்து பாட்டில் அது. உள்ளங்கைச் சூட்டுல உருக்கி ஒரு சொட்டு எடுப்பேன். மிச்சத்தைத் திரும்ப உறைய வெச்சிடுவேன். விலை ஜாஸ்தி, வீணாக்கக் கூடாதில்ல?”

“அதுக்கு ஏன் சுவரைப் பாத்து நிக்கணும்?”

“ஏசி காத்து நேரா கையில அடிக்குது.”

துருவி யோசித்தாள். உருகிப்போன ஐஸ்கிரீமை ஒருமுறை அப்பா மறுபடி உறைய வைத்தார். மணலை மெல்வது போலிருந்தது. யாரும் தொடவில்லை.

“தினமும் உருக்கி உருக்கி உறைய வெச்சா மருந்தும் கெட்டுடாதாக்கா?”

அக்காவின் முகம் வெளிறியது.

“நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்,” என்று துருவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “மருந்து வந்ததுமே சின்னச் சின்னக் குப்பியா பிரிச்சு உறைய வெக்கணும். ஒண்ணை ஒரு தடவைதான் உருக்கணும். அதைச் சொல்லித்தர மறந்தது நான்தான்.”

புது மருந்து வந்தது. குப்பிகளில் பிரித்தார்கள். அடுத்த முறை நுண்ணோக்கியில் துருவிதான் முதலில் பார்த்தாள். கொல்லி செல்கள் புற்றுநோய் செல்களை மொய்த்துக்கொண்டிருந்தன. புற்றுநோய் செல் ஒன்று உடைந்தே போனது.

அன்று மாலை பூனை அக்கா எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள். துருவி உறையைப் பிரிக்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

“கடைக்காரர் இதை உருக்கி உறைய வெக்கலைன்னு என்ன நிச்சயம்?”

சந்தேகம் தீர, இரண்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.