படத்தில் விழுந்த கை

திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது காலை ஒன்பது மணி. வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய எக்ஸ்ரே சென்டரின் படியேறினாள் பிளெஸ்ஸி. விராலிமலைப் பக்கத்துப் பெண். ரேடியோகிராபியில் மூன்று வருஷப் படிப்பு முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒரு வருஷப் பயிற்சி. இங்கே சீனியர் டெக்னீஷியன் கையெழுத்துப் போட்டால்தான் பல்கலைக்கழகம் டிகிரி தரும்.

அந்த டெக்னீஷியன் வெற்றிசெல்வன். அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் இருட்டு. ஃபிலிம் கழுவிய காலம் போய் வருஷக்கணக்காகியும் அந்த மருந்தின் புளித்த நெடி சுவரெல்லாம் ஊறிக் கிடந்தது.

“சின்னப் புள்ளைங்க, வயசானவங்க அசைஞ்சா படம் கலங்கிரும். நீ உள்ள நின்னு புடிச்சுக்கணும்” என்றார்.

“கதிர் படாமத் தடுக்குற ஈய ஏப்ரன் எங்க சார்?”

“கிழிஞ்சுபோச்சு. புதுசு வரும்.”

அவள் பெயர் போட்ட பேட்ஜையும் வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டிக்கொடுக்கிற பேட்ஜ் அது.

“இதுல ரீடிங் ஏறுனா மேலருந்து லெட்டர் வரும். எதுக்கு வம்பு?”

என்ன கொழுப்பு பாருங்கள்! காய்ச்சல் தெரியக் கூடாதென்று தெர்மாமீட்டரைப் பூட்டி வைக்கிற புத்தி. பிளெஸ்ஸிக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் முதல் நாள். கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை. கட்டிலிலிருந்து விழுந்து தோளில் அடி. தாய் மாசமாக இருந்ததால் வெளியே நிறுத்திவிட்டார்கள். வீறிட்டு அழுத குழந்தையின் மணிக்கட்டைப் பிளெஸ்ஸி பிடித்துக்கொண்டாள்.

பீப்.

வெளியே வந்து திரையைப் பார்த்தாள். குழந்தையின் தோள் எலும்பு தெரிந்தது. மணிக்கட்டில் அவளுடைய விரல்கள்.

தோளுக்கு மேலே இன்னொரு கை.

ஐந்து விரல் எலும்புகள், ஒன்றில் மோதிரம். பிளெஸ்ஸி மோதிரமே போடுவதில்லை.

வெற்றிசெல்வன் சட்டென்று படத்தை அழித்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“இன்னொன்னு எடுப்போம். போய்ப் புடி” என்றார்.

பத்தரை மணிக்கு அட்டெண்டர் கண்ணுசாமி டீ கொண்டுவந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“படத்துல கை வந்துச்சா ஆத்தா?”

“யாரு கைண்ணே அது?”

“ராஜலட்சுமின்னு ஒரு பொண்ணு. ஒன்னய மாதிரியே பயிற்சிக்கு வந்து, இங்கிட்டே வேலைக்கும் இருந்துச்சு. ஆறு வருஷம் புடிச்சுச்சு ஆத்தா, கைப்புள்ளையிலருந்து கெழவன் வரைக்கும். ரத்தத்துல புத்துநோயின்னு படுத்துருச்சு. ஏன் வந்துச்சுன்னு மேலருந்து கேட்டதுக்கு, இவரு அது பேட்ஜ எடுத்துக் காமிச்சாரு. ரீடிங் ஒண்ணுமே இல்ல. எப்புடி இருக்கும்? டிராயருக்குள்ள கெடந்த பேட்ஜு!”

“அவங்க சும்மாவா இருந்தாங்க?”

“நடக்க முடியாம வந்து நின்னுச்சு. ‘நான்தான் புடிச்சேன்னு எழுதிக் குடுங்க சார்’னு கெஞ்சுச்சு. எழுதல. எட்டாம் நாளு செத்துப்போச்சு.”

அடப்பாவி! பயம் வரவேண்டிய இடத்தில் பிளெஸ்ஸிக்கு ஆத்திரம்தான் பொங்கியது. டீயை அப்படியே வைத்துவிட்டாள்.

மதியம் சோலையப்பன் என்ற பெரியவரை ஸ்ட்ரெச்சர் வண்டியில் கொண்டுவந்தார்கள். இடுப்பில் அடி. கைகால் நடுக்கம் வேறு.

“போய்ப் புடி.”

“மாட்டேன் சார். ஏப்ரனும் பேட்ஜும் குடுங்க, புடிக்கிறேன்.”

“கையெழுத்து வேணாமா? ஒரு வருஷம் அப்புடியே வீணாப்போயிரும்.”

“போகட்டும்.” சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. ஆனாலும் நகரவில்லை.

வெற்றிசெல்வன் அவளைத் திட்டிக்கொண்டே வெளி அறையிலிருந்த எக்ஸ்ரே பட்டனில் கை வைத்தார். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பெரியவரின் நடுக்கம் அப்படியே அடங்கியது.

பீப்.

திரையில் இடுப்பெலும்பு. இரண்டு பக்கமும் இரண்டு கைகள்.

கண்ணுசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பெரியவர் பிளெஸ்ஸியைப் பார்த்துச் சொன்னார்: “உள்ள நின்ன பொண்ணு கெட்டியாப் புடிச்சுக்கிச்சு தாயி. கைதான் சில்லுன்னு இருந்துச்சு.”

“யாருடி அவ?” வெற்றிசெல்வன் கத்திக்கொண்டே எக்ஸ்ரே அறைக்குள் பாய்ந்தார்.

அவருக்குப் பின்னால் ஈயக் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே எக்ஸ்ரே குழாய் தானாகவே அவர் பக்கம் திரும்பியது. பின்வாங்கிப் பின்வாங்கி, நெஞ்சுப்படம் எடுக்கும் பலகையில் முதுகு முட்ட நின்றார்.

பிளெஸ்ஸி பட்டனைத் தொடவே இல்லை.

பீப்.

திரையில் அவருடைய விலா எலும்புகள். இரண்டு தோளிலும் பத்து விரல்கள்.

“கதவத் தொற! பிளெஸ்ஸி!”

பீப். பீப்.

அவள் காதோரம் குளிர்ந்த மூச்சுப் பட்டது. “எழுதச் சொல்லு.”

உள்ளே கேட்கும்படி பேசுகிற மைக்கைப் பிளெஸ்ஸி போட்டாள். “ராஜலட்சுமி அக்காதான் புடிச்சாங்கன்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?”

“எழுதுறேன்! எழுதித் தாரேன்! நிறுத்து!”

மெயின் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிளெஸ்ஸி உடனே கையை நீட்டவில்லை. இன்னும் மூன்று பீப் கேட்கும்வரை நின்றாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

“போதும்க்கா” என்று சொல்லி மெயினைக் கீழே இழுத்தாள்.

மெஷின், விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றன. கும்மிருட்டு. ஈயக் கதவுக்கு அந்தப்பக்கம் வெற்றிசெல்வன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பழைய குரல் திரும்பியது.

“எழுதணுமா? வெளிய வாரேன்டி. ஒன் படிப்பு இன்னையோட முடிஞ்சுச்சு.”

இழுத்துவிட்ட மெயின் ஸ்விட்ச்சின் மேல்தான் பிளெஸ்ஸியின் கை இன்னும் இருந்தது.

உள்ளே, இருட்டில்,

பீப்.