பக்கத்து அறைக்குப் போனவர்கள்

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் கெய்லா பக்கத்து அறையில் வெர்னாவோடு ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தாள். தோராவோடு இருந்தது இருபத்தெட்டு நிமிடம்.

தோரா ரஸ்டாட் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறர் பேச்சுக்குக் காது கொடுப்பது நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு அழகல்ல என்று வளர்க்கப்பட்டவள் அவள். ஆனால் தன் அறையில் தன் நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து, நான்கு மணிக்கே சாம்பல் நிறமாகி, கரையோரப் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருந்தன. சுவரடியில் ஓடிய வெந்நீர்க் குழாய் யாரோ விரல் முட்டியால் தட்டுவதுபோல் விட்டுவிட்டுத் தட்டியது. தாழ்வாரத்திலிருந்து மதியத்து டூனா மீன் வாடையும் தரை துடைத்த மருந்தின் வாடையும் கலந்து வந்தன. இவற்றுக்கு நடுவே, சுவருக்கு அப்பால், வெர்னாவின் குரல்.

“ஒரே ஒரு தடவதான் போய்ப் பாத்தோம். மொட்டத் தல, முரட்டுச் சட்ட, கால்ல ஒண்ணும் இல்ல. அந்தக் குளிர்ல! ஐனார்னு கூப்பிட்டேன். திரும்பவே இல்ல எங்கண்ணன்.”

தோராவின் விரல் கடிகாரத்தின் மேலேயே நின்றுவிட்டது.

ஐனார் தோராவின் அண்ணன்.

அவனைப் பதினேழு வயதில் அரசாங்க மனநோய் மருத்துவமனைக்கு ஏற்றிப் போன அன்று தோராவுக்குப் பதிமூன்று. மேற்கே மரம் வெட்டப் போயிருக்கிறான் என்று அப்பா தேவாலயத்தில் சொன்னார். அவர் போதகர்; அவர் சொன்னதை ஊர் நம்பியது. வீடும் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் அப்படி ஒரு பிள்ளை பிறக்கவே இல்லை என்பதில் வந்து நின்றது. தோரா அதை எழுபது ஆண்டு காப்பாற்றினாள். கணவர் நீதிபதி ரஸ்டாடுக்குக்கூடத் தெரியாது. இலையுதிர் காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து இந்த முதியோர் இல்லத்துக்கு வந்தபோது, புதிதாக வருபவர்களுக்கு இடம் பழகும்வரை மனநல ஆலோசகர் ஒருத்தி வாரம் இருமுறை வந்து பேசுவாள் என்றார்கள். வந்தவள் கெய்லா. முதல் நாளே கேட்டாள்.

“கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா, மிசஸ் ரஸ்டாட்?”

“யாரும் இல்ல.”

கெய்லா எழுதிக்கொண்டாள். இல்லத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அவள் மட்டும்தான் தோராவை மிசஸ் ரஸ்டாட் என்றாள். கண்ணைப் பார்த்துக் கேட்டாள். அதற்காகவே செவ்வாயும் வியாழனும் தோரா முத்துத் தோடு போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். ஆனால் கேட்பவளுக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருந்தது? ஜட்ஜைப் பற்றிப் பேசினாள். வீட்டுத் தோட்டத்து ரோஜாக்களைப் பற்றிப் பேசினாள். இருபத்தெட்டு நிமிடத்தில் கெய்லா நோட்டை மூடினாள்.

ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரிக்கு ஐம்பத்தைந்து.

மறுநாள் காலை தோரா ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் வெர்னாவின் கதவருகே நின்றாள். இங்கே ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அறை மாறிப் போகாமலிருக்க அவரவர் வாழ்க்கைப் பொருள்களை அதில் வைப்பார்கள். வெர்னாவின் பெட்டியில் ஒரு கரண்டியும் பள்ளி ஏப்ரனும்தான் இருந்தன. இப்போது ஒரு புகைப்படமும் இருந்தது. களஞ்சியத்தின் முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பையன்.

ஐனாரின் அந்தப் படத்தைத் தோரா தன் கையால் அடுப்பில் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம். சுருண்டு, பழுத்து, கறுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றவள் அவள்.

மூன்று மணிக் காபிக்கு வெர்னா எதிரில் வந்து உட்கார்ந்து, வண்ண ஜெல்லியைக் கரண்டியால் ஆட்டி வேடிக்கை பார்த்தாள்.

“ஐனார் யாரு?” என்றாள் தோரா.

“எங்கண்ணன்.”

“உனக்கு அண்ணன் கெடையாது. வந்த அன்னைக்கு நீயே சொன்ன, நான் தனிக்கட்டைன்னு.”

“அப்ப இல்ல.” வெர்னா ஈறு தெரியச் சிரித்தாள். “இப்ப இருக்கான்.”

“யார்கிட்டயிருந்து கேட்ட?”

“உனக்கென்னடியம்மா வயித்தெரிச்சல்? நீதான் ஜட்ஜ் படத்தச் சட்டம் போட்டு மாட்டி வெச்சிருக்கியே. எனக்கு ஒரு பைத்தியக்கார அண்ணன் இருந்துட்டுப் போகட்டும். யாருமே வேணாம்னு விட்டது தானே?”

அன்று இரவுச் சாப்பாட்டை உதவியாள் ஹோதன் அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். “உருளக்கெழங்கு மேல என்ன கோவம்?” என்று கேட்டபோது தோரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பூட்சிலிருந்து பனி உருகித் தாழ்வாரத்துக் கம்பளத்தில் கறையாகப் படர, கையில் ஒரு காகித உறையோடு தோராவின் கதவில் தயங்கி நின்றாள். தோராவுக்கு அவளுடைய காதுகள்தான் முதலில் தெரிந்தன. மடல் ஒட்டிய சின்னக் காதுகள். தன் காதுகள்.

“மிசஸ் ரஸ்டாட் நீங்கதானே? ரொம்ப நாளா தேடறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுல, செயின்ட் பால் ஊர்ல, கல்யாணமாகாத பொண்ணுங்களுக்குன்னு ஒரு இல்லம் இருந்துச்சு...”

ஐந்து நாள். ஐந்து நாள் குழந்தையைக் கையில் வைத்திருக்க விட்டார்கள். பிறகு ஒரு நீலப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோனார்கள். அதற்குப் பின் பத்து நாள் தோரா பால் வற்ற மார்பை இறுகத் துணியால் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள்.

எண்பத்து நான்கு வயது மார்பில் அந்த வலி இப்போது வந்தது. கதவு திறந்திருந்தது. எதிரில் இருவர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“தப்பான கதவுக்கு வந்துட்டீங்க. எனக்கு ஒரே பிள்ளை. பையன்.”

அந்தப் பெண்ணின் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. திரும்பினாள். பக்கத்துக் கதவு திறந்தது.

“வாம்மா,” என்றாள் வெர்னா. “எவ்வளவு நேரம் வெளியவே நிப்ப? உள்ள வா.”

சுவருக்கு அப்பால் முதலில் அழுகை. பிறகு சிரிப்பு. பிறகு வெகுநேரம் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். தாயும் மகளும் மட்டும் பேசுகிற, முடிவில்லாத, அர்த்தமில்லாத பேச்சு. தோரா சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்துக் கேட்டாள். வயிற்றுக்குள் கொதிக்கும் எண்ணெய் ஊற்றியது போலிருந்தது. அவள் என்னுடையவள். என்னுடையவள். என்னுடைய...

வலி நின்றது. கையைத் தூக்கி மார்பில் வைத்துப் பார்த்தாள். எதுவோ வலித்தது. எது? ஒரு போர்வை இருந்தது. என்ன நிறம்? அதற்குள் இருந்தது என்ன? நாக்கு பல் விழுந்த இடத்தைத் தேடுவதுபோல் மனம் தேடியது. பல் இல்லை. குழியும் இல்லை. வழவழப்பாக இருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மறதியில்லை இது. மறுத்தது. தன் வாயால் இல்லை என்று சொன்னது ஒவ்வொன்றும் எழுந்து, கதவைக் கடந்து, பக்கத்து அறைக்குப் போகிறது.

மீதி இருந்தவன் ஒருவன். கார்ஸ்டன். ஞாயிறுதோறும் வருகிற மகன்.

அந்த ஞாயிறு பனிப்புயலால் கார்ஸ்டன் வர முடியவில்லை. செவ்வாய் கெய்லாவும் வரவில்லை. வியாழன் வந்தாள். தோரா தோடு போட்டுக்கொள்ள மறந்திருந்தாள்.

“எல்லாத்தையும் சொல்லிடறேன். எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். அவன் பேரு...”

குழாய் தட்டியது. கெய்லா காத்திருந்தாள்.

“பேரு வரல. ஆனா இருந்தான். ஒரு பொண்ணு. எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு.”

கெய்லா நோட்டை மடியில் கவிழ்த்து வைத்துத் தோராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை பிடித்ததில்லை.

“மிசஸ் ரஸ்டாட், அதெல்லாம் வெர்னாவோட வாழ்க்க. சுவரு மெல்லிசு, காதுல விழுந்திருக்கும். புது எடத்துக்கு வர்றவங்களுக்கு இது சகஜம்தான். அடுத்தவங்க கதைய நம்மளோடதுன்னு நெனச்சுக்கறது.”

“என்னோடது.”

“மொதல் நாள் நீங்களே சொன்னீங்க. இதோ எழுதியிருக்கேன். யாரும் இல்லன்னு.”

இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டாள். மகனிடம் பேசுகிறேன் என்று கதவருகே சொன்னாள். அடுத்து வெர்னாவின் அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். வரவேற்கும் குரல். தோரா மணி பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது.

ஞாயிறு மாலை கார்ஸ்டன் வந்தான். தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்து, வாங்கி வந்த ஏலக்காய் ரொட்டியைத் தோராவின் மடியில் வைத்தான். பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது.

“அம்மா, கெய்லா போன் பண்ணா. உங்களுக்கு ஒரு அண்ணன், ஒரு பொண்ணுன்னு ஏதோ சொன்னீங்களாம்.”

“சின்னப் பொண்ணு. உளறியிருப்பா.”

“எனக்குக் கோவமில்லம்மா. ஒத்தப் பிள்ளையாவே வளந்து கெழவனாயிட்டேன். எனக்கு ஒரு அக்கா இருந்தா சொல்லுங்களேன். அப்பா போயி இருபது வருஷமாச்சு. இனி யாருக்குத் தெரிஞ்சா என்ன?”

பக்கத்து அறையில் பேச்சு நின்றது. சுவரை நோக்கி ஒரு நாற்காலி மெதுவாக நகர்ந்தது.

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு சொல். தோரா வாயைத் திறந்தாள். கார்ஸ்டன் முன்னால் குனிந்தான். அவனுக்கு ஜட்ஜின் புருவம், ஜட்ஜின் நெற்றி. அந்தப் புருவத்துக்குக் கீழே இருந்து இரக்கம் அவளைப் பார்த்தது. அறுபது ஆண்டு அந்த முகத்தின் முன்னால் அவள் தலை குனிந்ததில்லை.

“உங்கப்பா வீட்டுல அந்த மாதிரி எதுவும் நடக்கல.”

“அம்மா, தயவுசெஞ்சு...”

“பெத்தவளப் பாத்து இப்படிக் கேக்கறவன் என் பிள்ளையே இல்ல!”

சொல்லிவிட்டாள்.

குழாய் அடங்கியது. ஏரி அடங்கியது.

கார்ஸ்டன் இமைத்தான். சுற்றிலும் பார்த்தான். எழுந்து, தொப்பியைக் கழற்றினான். அயலாரிடம் கழற்றுவதுபோல்.

“மன்னிச்சுக்குங்க மேடம். அறை மாறி வந்துட்டேன்.”

மடியிலிருந்த ரொட்டியைக் கூச்சத்தோடு எடுத்துக்கொண்டான். போனான்.

கூப்பிட வேண்டும். பெயர். கா... கா... வாய் திறந்தபடி இருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

நடைச்சட்டம். கதவு. தாழ்வாரம். நான்கு அடி. ஐந்து.

பக்கத்து அறையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுவில் வெர்னா, முதுகு நிமிர்ந்து, ஒரு சீமாட்டியைப் போல உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் வயதான ஒரு பெண். பக்கத்தில் ஒரு ஆண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். அவன் தலைமுடியை வெர்னா கோதிவிட்டாள். அவன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். யார் இவர்கள்? வாசலில் நின்றவளுக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களைப் பார்த்து வயிறு ஏன் இப்படி எரிகிறது என்பதும் தெரியவில்லை. எரிந்தது. அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.

வெர்னா நிமிர்ந்தாள்.

“யாரும்மா? யாரத் தேடறீங்க?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“யாரையும் இல்ல.”

அவர்கள் மரியாதையாகத் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பவில்லை. வெர்னாவின் நாற்காலிக்குப் பின்னால், விளக்கு எட்டாத இடத்தில் நின்றவன். மொட்டைத் தலை. முரட்டுச் சட்டை. பதினேழு வயதிருக்கும்.

அவன் வந்தான். வெறுங்கால். கால் பட்ட இடமெல்லாம் கம்பளம் வெளுத்து உறைந்தது.

அருகே. இன்னும் அருகே.

ஒரு விரலைத் தூக்கினான். தன் உதட்டில் வைக்கவில்லை. அவள் உதட்டில் வைத்தான். குளிர்காலத்து இரும்பில் ஈரத் தோல் ஒட்டிக்கொள்வதுபோல் அது ஒட்டிக்கொண்டது. அவளால் தலையை இழுக்க முடியவில்லை. அவன் விரலை எடுக்கவில்லை.